பிள்ளைகளோடு அரிய பறவை தேடிப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கோடை முழுக்க எனக்கு இரண்டே வேலை. எங்கேயோ ஓர் அரிய பறவை வந்திருக்கிறது என்று செய்தி வந்தால் கிளம்பிப் போவது. போகும்போது, பறவை பார்க்கப் பழகிக்கொண்டிருக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு போவது. இரண்டும் ஒத்துவராது என்று சொன்னவர்கள் உண்டு. அரிய பறவைக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளை பட்டியலில் டிக் அடிக்கத்தான் கற்றுக்கொள்ளும், பறவையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாது என்பது அவர்கள் கட்சி. அதில் பாதி உண்மை. பெற்றோர்களும் பிள்ளைகளும், புதிதாக வழிகாட்ட வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எதை அரிய பறவை என்கிறீர்கள்?

உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துபோனது ஒரு வகை. எண்ணிக்கை இருந்தும் கண்ணில் படாமல் பதுங்குவது இன்னொரு வகை. இரவில் திரியும் பக்கிப் பறவைகளும் சில ஆந்தைகளும் அப்படி. மூன்றாவது, தன் ஊரில் சாதாரணமாக இருந்துவிட்டு, இருக்கக் கூடாத இடத்தில் வந்து நிற்கும் வழிதவறிய பறவை. செய்தி வந்ததும் கூட்டம் கூடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதற்குத்தான்.

அதற்கு ஸ்டெல்லர் கடற்கழுகை விடப் பெரிய உதாரணம் சமீபத்தில் இல்லை. ரஷ்யாவின் தூரக்கிழக்குக் கரையில் கூடுகட்டும் பறவை. அதில் ஒன்று 2020இல் அலாஸ்காவின் உள்பகுதியில் தென்பட்டது, 2021 மார்ச்சில் டெக்சாஸில். அந்த ஆண்டிலேயே கனடாவின் கிழக்குப் பகுதிக்குப் போய், டிசம்பரில் மாசசூசெட்ஸ் வந்து, பிறகு மெய்ன் போனது. எல்லாம் ஒரே பறவைதான் என்று இறகிலிருந்த வெள்ளைத் திட்டின் வடிவத்தை வைத்துச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் வாய்பிளப்பது தூரத்துக்கு. அந்தத் திட்டை யாரோ ஒருவர் கவனித்து ஒப்பிட்டிருக்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

பறவைகள் ஏன் வழிதவறுகின்றன?

காற்றும் புயலும் ஒரு காரணம். வசந்தத்தில் வடக்கே போகும் பறவை உற்சாகத்தில் தன் எல்லையைத் தாண்டிப் பறந்துவிடுவது இன்னொன்று. எனக்குப் பிடித்த காரணம் வயது.

ஏ. சி. பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்து வழியாக வலசை போய்க்கொண்டிருந்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த பெரிய பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. முதல் பயணத்தில் இருந்த இளம்பறவைகள் பிறவியிலேயே வந்த திசையை விடாமல் பிடித்துக்கொண்டு பிரான்ஸின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. திசை தெரியும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியாது. வழிதவறி வருபவற்றில் முதல் வருட இளம்பறவைகள் அதிகமாக இருப்பதை இது ஓரளவு விளக்குகிறது.

அதற்காக இளம்பறவை என்றாலே தடுமாறும் என்று நினைக்க வேண்டாம். பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை நிற்காமல் 11 நாளில் பறந்தது. முதுகில் இருந்த கருவி அனுப்பிய தடம் அது. கடல்மேல் மூக்கனால் இறங்கி ஓய்வெடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கோடையில் என்ன அரியது வரப்போகிறது? வலசைதான் முடிந்துவிடுகிறதே?

கேட்பவர்கள் அனைவரும் ஜூன் மாதத்தை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். வடகோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் ஜூன் நடுவில் மந்தம்தான். ஆனால் ஜூன் முடிவதற்குள்ளேயே ஆர்க்டிக்கில் கூடு தோற்றுப்போன உள்ளான் என்னும் கரைப்பறவைகள் தெற்கே திரும்ப ஆரம்பித்துவிடும். ஜூலையில் வளர்ந்த பறவைகள், தேய்ந்து நிறம் மங்கிய இறகுகளோடு. அதற்குச் சில வாரம் பின்னால், அந்த வருடம் பொரித்த குஞ்சுகள், புத்தம்புது இறகில், பெரும்பாலும் பெற்றோர் துணை இல்லாமல். ஒரே இனம் ஒரே சேற்றில் மூன்று விதமாகத் தெரியும். வேறு எந்தப் பருவத்திலும் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

கொக்கும் நாரையும் கூடு முடிந்ததும் எல்லாத் திசையிலும் சிதறும். இன்னும் இனப்பெருக்கத்துக்கு வராத ஒரு வயது கடற்பறவைகளும் கரைப்பறவைகளும் வடக்கே போகாமல் எங்காவது தங்கிவிடும். கோடை முடிவில் புயல் வந்தால் நடுக்கடல் பறவைகள் உள்நாட்டு ஏரியில் இறங்கும். ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை.

செய்தி வந்ததும் கிளம்பிவிடுவீர்களா?

இல்லை. முதலில் சில விஷயங்களை விசாரிப்போம். பறவை நிற்பது யார் நிலத்தில்? கூடு கட்டும் பறவையா, கடந்துபோகும் பறவையா? சோர்ந்து விழுந்து இரை தேடிக்கொண்டிருக்கிறதா? ஏற்கெனவே எவ்வளவு பேர் அங்கே இருக்கிறார்கள்? இதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் போவதில்லை. பிள்ளைகள் முகம் தொங்கும். தொங்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும், முன்பே வந்து நிற்பவர்களிடம் பேச வேண்டும். எங்கே கடைசியாகப் பார்த்தீர்கள், எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்பது பிள்ளைகளின் வேலை. நான் கேட்க மாட்டேன். பெரியவர்களிடம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள்கூட இந்தக் கேள்வியில் சகஜமாகிவிடுகிறார்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர் "வா, பார்" என்று கூப்பிட்டால், ஒரு தடவை பார்த்துவிட்டு விலகி, பின்னால் நிற்பவருக்கு இடம் விட வேண்டும். எல்லாரும் ஒருமுறை பார்த்த பிறகுதான் படம் எடுக்க முன்னே நகர்வதைப் பற்றிய பேச்சே.

பறவை கிடைக்கவில்லை என்றால்? அவ்வளவு தூரம் போய்...

பல நேரம் கிடைக்காது. முந்தைய இரவு வானம் தெளிந்து, காற்று சாதகமாகத் திரும்பியிருந்தால் பறவை கிளம்பிப் போயிருக்கும். இதைப் போகும் வழியிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். கிடைக்காத நாளில் செய்ய வேண்டியது, அதே இடத்தில் இருக்கும் மற்றவற்றைப் பார்ப்பது. அரிசோனாவில் ஒரு சாலையோர ஓய்விடத்தில், ஓர் அரிய பறவையைப் பார்க்க வந்தவர்கள் இன்னொன்றைக் கண்டுபிடிக்க, அதைப் பார்க்க வந்தவர்கள் மூன்றாவதைக் கண்டுபிடிக்க, அந்த இடத்தின் பெயரிலேயே 'படகோனியா பிக்னிக் மேசை விளைவு' என்று ஒரு வழக்கு உருவாயிற்று. பின்னாளில் தரவுகளை வைத்துச் சோதித்தபோது அப்படி ஒரு விளைவு இருப்பதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பிள்ளைகளை இன்னும் ஒரு மணி நேரம் சேற்றைப் பார்க்க வைக்க அந்தக் கதை போதும்.

சேற்றை ஒரு மணி நேரம் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். தேடிப் போன பறவை இல்லை. கொசு உள்ளான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. இவை குருவி அளவுதான் இருக்கும். ஒரு சிறுமி தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே, "ஒண்ணுக்கு மட்டும் கால் மஞ்சளா இருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த பையன், "இல்ல, கறுப்புதான், நல்லா பாரு" என்றான். இருவரும் பார்த்தது ஒரே பறவை. நான் வாயைத் திறக்கவில்லை. காய்ந்த சேறு அப்பியிருந்தால் மஞ்சள் காலும் கறுப்பாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பறவை தண்ணீருக்குள் இரண்டடி வைத்து வெளியே வந்தது. கால் வெளிறிய பச்சை மஞ்சள்.

அதோடு முடியவில்லை. காலை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள் என்றேன். இறகு ஓரங்கள் வெளிறி ஒழுங்காக இருக்கின்றனவா, தேய்ந்து கிழிந்திருக்கின்றனவா? மடக்கிய இறக்கை முனை வாலைத் தாண்டுகிறதா? ஓடி ஓடிக் கொத்துகிறதா, குனிந்து பம்மி நடக்கிறதா? அரை மணி நேரம் பேசினார்கள். தேடிப் போன பறவை கிடைத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. அன்று பார்த்தது அந்த இடத்தில் ஆண்டுதோறும் வரும் இனம்தான். யாரும் செய்தி போட மாட்டார்கள்.

அரிய பறவையைக் கண்டுபிடிப்பவர்கள் அரியவற்றைத் தேடிப் படித்தவர்கள் இல்லை. சாதாரணப் பறவையை அலுக்க அலுக்கப் பார்த்து வைத்திருப்பதால், கூட்டத்தில் ஒன்று ஒட்டாமல் நிற்பது அவர்கள் கண்ணை உறுத்துகிறது. பிள்ளைகளை அரிய பறவை காட்டி அழைத்துப்போகிறேன் என்றாலும், உண்மையில் சாதாரணப் பறவைக்கு முன்னால்தான் அவர்களை உட்கார வைக்கிறேன்.

என் மகனால் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. அவனுக்கு ஒத்துவருமா?

வேலை கொடுங்கள், உட்காருவான். கூட்டத்தை எண்ணச் சொல்லலாம்: பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்து, அதைக் கூட்டம் முழுக்க அளந்து போவது. தொலைநோக்கியின் முக்காலியை நிறுத்துவது, நேரமும் காற்றுத் திசையும் குறிப்பது, எல்லாரும் ஒரு பக்கம் பார்க்கும்போது முதுகுப் பக்க வானத்தைக் காவல் காப்பது ஆகியவையும் வேலைகள்தான். வானக் காவல் துறுதுறு பிள்ளைகளுக்கென்றே உண்டானது. மேலே வட்டமிடும் பருந்துகளை முதலில் கூவிச் சொல்வது அவர்கள்தான்.

என்ன பைனாகுலர் வாங்க?

8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பெரிய பிள்ளைகளுக்கு அது சரி. சிறியவர்களுக்கு 8×30 அல்லது 8×32 போதும், கழுத்து வலிக்காது. பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

வாங்கும்முன் ஒன்றைச் சோதியுங்கள். சில பைனாகுலர்களை முழுக்க மடக்கினாலும் சிறு பிள்ளையின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்துக்குக் குறுகாது. பிள்ளை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, எல்லாம் தெரிகிறது என்று மரியாதைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணாடி அணிந்தவர்கள், பைனாகுலரில் கண் வைக்கும் பக்கத்திலுள்ள வளையத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். பழக்க வேண்டியது ஒன்றுதான்: பறவையை வெறும் கண்ணால் பார், பார்வையை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது என்பதை முதல் நாளே, கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுங்கள்.

செயலி பெயர் சொல்லிவிடுகிறதே, பிறகு கற்க என்ன இருக்கிறது?

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021இலிருந்து குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நன்றாகவே சொல்கிறது. நான் தடுப்பதில்லை. ஆனால் அது சொல்வது துப்பு, தீர்ப்பு இல்லை. மற்ற பறவைகளின் குரலைப் போலச் செய்யும் பறவைகள் உண்டு. அணில், தவளை, கீல் எண்ணெய் போடாத கதவு என்று எல்லாமே எப்போதாவது ஒரு பறவையின் பெயரைத் திரையில் கொண்டுவரும். திரையில் பெயர் வந்தால், குரல் வந்த மரத்தை நோக்கிப் போய்ப் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

குரலை ஒலிபரப்பி வெளியே வரவைக்கலாமா?

கோடையில் கூடாது. கூடு கட்டும் காலத்தில் அதன் இடத்தில் இன்னொரு ஆணின் குரல் கேட்டால் பறவை அதை எதிரி என்றே எடுத்துக்கொள்ளும். கூட்டை விட்டு, இரையை விட்டு, சண்டைக்கு வரும். நீங்கள் ஒருமுறைதான் ஒலிபரப்பினீர்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் ஒருமுறைதான் ஒலிபரப்பினார்கள். பறவையின் கணக்கில் அது நாள் முழுக்க.

கூட்டைப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். சில நாடுகளில் சில இனங்களின் கூட்டருகே தொந்தரவு செய்வதே சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நீங்கள் நடந்துபோன தடத்தைப் பின்பற்றிப் பூனையோ காகமோ வரலாம்.

பார்த்த இடத்தை எல்லாருக்கும் சொல்லலாமா?

கடந்துபோகும் கரைப்பறவை என்றால், இடமும் நிலமும் அனுமதித்தால், சொல்லலாம். ஆந்தை பகலில் தங்கும் மரம், கழுகின் கூடு, வேட்டைக்கும் விற்பனைக்கும் இலக்காகும் இனங்கள் ஆகியவற்றைச் சொல்லவே கூடாது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை ஏற்றும், 2002இல் தொடங்கிய இ-பேர்டு தளம்கூட அப்படிப்பட்ட இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் மறைத்துவிடுகிறது. படத்தை ஏற்றும்முன் அதில் பதிந்திருக்கும் இடத்தகவலை நீக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இது பறவைக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

என் மகளின் பதிவை ஏற்க மறுத்துவிட்டார்கள். அழுகிறாள். என்ன செய்ய?

அழட்டும், அது அவள் பார்த்ததைப் பொய் என்று சொன்ன தீர்ப்பு இல்லை என்று பிறகு சொல்லுங்கள். இப்படிப்பட்ட தளங்களில் பதிவைச் சரிபார்ப்பவர் கையில் இருப்பது அவள் எழுதிய வரிகள் மட்டுமே. அந்த வரிகளிலிருந்து வேறு இனங்களை விலக்க முடியவில்லை என்றால் அவர் நிறுத்திவைக்கத்தான் வேண்டும்.

இதனால்தான் எங்கள் குழுவில் ஒரு கட்டாயம்: புதிய பறவையைப் பார்த்தால், பறவைகளின் படமும் பெயரும் உள்ள களக்கையேட்டைத் திறக்கக் கூடாது. முதலில் நோட்டுப் புத்தகத்தில் வரைய வேண்டும். கோணல்மாணலாக ஒரு முட்டை, அதன்மேல் சின்ன முட்டை, அலகு, கால், எந்த இடத்தில் என்ன நிறம். பார்க்காத பகுதியை வெறுமையாக விட வேண்டும். கையேட்டை முதலில் திறந்தால், அதில் உள்ள எல்லாவற்றையும் பார்த்ததாகவே மனம் சாதிக்கும். வால் தெரியவில்லை என்று வெறுமையாக விட்ட படம், சரிபார்ப்பவர் பார்வையில் மற்ற பகுதிகளின் நம்பகத்தைக் கூட்டும்.

பொய்ப் பதிவு என்ன செய்யும் என்பதற்கு நான் சொல்லும் கதை மத்திய இந்தியாவின் காட்டுச் சிறு ஆந்தை. அருங்காட்சியகங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அதன் பாடம் செய்த உடல்கள் இருந்தன. கடைசியாகச் சேகரித்தது 1914இல், ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, குஜராத்தில் என்று சீட்டு சொன்னது. தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் அந்த உடலை ஆராய்ந்தபோது, அது 1884இல் வேறொருவர் சேகரித்ததைத் திருடி, மறுபடி பாடம் செய்து, புதுச்சீட்டு ஒட்டியது என்று தெரிந்தது. பொய்ச்சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான சீட்டுகள் சொன்ன இடங்களில் அவரும் கூட்டாளிகளும் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, இலையில்லாத மரத்தில் பட்டப்பகலில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருடம் கழித்து! இந்தக் கதைக்குப் பிறகு யாரும் "இருக்கலாம் என்று போட்டுவிடலாமா" என்று கேட்பதில்லை.

பட்டியல் போட்டி பிள்ளைகளைக் கெடுக்காதா?

எல்லாரையும் கெடுக்காது. 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் ஒரே வருடத்தில் 6,042 இனங்களைப் பார்த்தார். உலகில் மொத்தமே ஏறத்தாழ 11,000. ஃபீபி ஸ்னெட்சிங்கர் 1981இல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு உலகம் சுற்றி 8,000 இனங்களைத் தாண்டிய முதல் ஆள் ஆனார். இவர்கள் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் கண் விரிவது இயல்புதான். நான் பட்டியலைத் தடுக்காமல் வேறொரு பட்டியலைக் கூடவே வைக்கச் சொல்கிறேன்: வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் பார்த்தவை மட்டும். வண்டி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், பெற்றோரைக் கெஞ்ச வேண்டாம். கோடை முடிவில் அவர்கள் அதிகம் சண்டை போட்டுக்கொண்டது இந்தப் பட்டியலுக்காகத்தான்.

வழிகாட்ட நான் நிபுணராக இருக்க வேண்டுமா?

வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தால் போதும். பிள்ளை தப்பான பெயர் சொன்னால் உடனே திருத்தாமல், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். சரியான பெயர் சொன்னாலும் அதையே கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாதுகாப்பு ஏற்பாடு என்ன?

இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாகப் போவது இல்லை, வண்டியிலும் இல்லை. பிள்ளைகளுக்குத் தனிச்செய்தி அனுப்புவதில்லை. பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் பேச்சு. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் வழிகாட்டியிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். வெயிலைப் பொறுத்தவரை, விடியும்முன் கிளம்பி, சூடு ஏறி மண்ணிலிருந்து கானல் எழுவதற்குள் முடித்துவிடுவோம். கானலில் தொலைநோக்கி வழியே பார்த்தால் கால் நீளம் முதல் நிறம் வரை எல்லாம் பொய்யாகத் தெரியும், ஆகவே பறவைக்காகவும் அதுதான் நல்ல நேரம்.

அடுத்த கோடையில் சேர விரும்புகிறேன். என்ன தயாரிப்பு?

பக்கத்தில் ஒரு குளமோ தோப்போ இருந்தால் வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, பார்த்ததை எழுதி வையுங்கள். வரும்போது தொப்பி, தண்ணீர், பென்சில், கோடு போடாத நோட்டு. களக்கையேடு வேண்டாம், அது என் பையில் இருக்கும், கேட்கும்போது தருவேன்.